சர்வீஸ் ரைஃபிளுக்கு ஹேண்ட்கார்டும் ட்ரிகரும் எப்படி பார்த்து வாங்குறது

ராணுவ ரைஃபிள் மாதிரி துப்பாக்கியால தூரத்து டார்கெட்டைச் சுடுற போட்டிதான் சர்வீஸ் ரைஃபிள் மேட்ச். இதுக்கு புதுசா வர்றவங்க எடுத்த உடனே கேக்குறது ஸ்கோப் பத்தித்தான். 2016-ல இருந்து சிஎம்பி (அமெரிக்கால இந்த மேட்ச் நடத்துற அமைப்பு) ரூல்ல 4.5 எக்ஸ் வரைக்கும் ஸ்கோப்பை விட்டுட்டாங்க, அந்த ஆசை புரியுது. ஆனா இந்த மேட்ச்ல யூஸ் பண்ற ஏஆர்-15 ரைஃபிள்ல பாயிண்ட்டை சத்தமில்லாம தின்னுட்டுப் போறது ஹேண்ட்கார்டும் (பேரலைச் சுத்தி முன் கை பிடிக்கிற உறை) ட்ரிகரும்தான்.

சாதா ஏ2 மாடல் ஏஆர்-15-ல ஸ்லிங் (துப்பாக்கி பட்டை) மாட்டுற ஸ்விவல் வளையம் ஃப்ரன்ட் சைட் பேஸ்ல இருக்கும், அதாவது நேரா பேரல்மேலயே. ப்ரோன்ல, அதாவது குப்புற படுத்து ஸ்லிங்கை கையில இறுக்கினா அந்த இழுப்பு மொத்தமும் பேரலுக்குத்தான் போகும், குண்டு விழற இடம் நகந்துடும். நின்னு சுடும்போது ஸ்லிங்கை சப்போர்ட்டுக்கு யூஸ் பண்ணக்கூடாது, அங்க இழுப்பே கிடையாது. ஆக 200 யார்டுல நின்னு போட்ட ஸீரோ (குறி வச்ச இடத்துல குண்டு விழற சைட் செட்டிங்) ஒண்ணு, உக்காந்தா வேற, 600-ல படுத்தா இன்னொண்ணு. 600 யார்டு டார்கெட்ல 10 வளையம் 12 இன்ச்தான், சுமாரா 2 எம்ஓஏ (ஒரு எம்ஓஏன்னா 100 யார்டுல சுமார் ஒரு இன்ச்), அதுக்குள்ள காத்தைப் பாக்குறதா இல்ல ஸ்லிங் இன்னிக்கு எவ்ளோ இறுக்கம்னு பாக்குறதா?

அதுக்குத்தான் ஃப்ரீ ஃப்ளோட். ட்யூப் பின்னாடி ரிசீவர் பக்கம் மட்டும் பிடிச்சிருக்கும், ஸ்விவல் அந்த ட்யூப்ல இருக்கும், பேரலை எதுவும் தொடாது. வெளியில பழைய ஏ2 ப்ளாஸ்டிக், உள்ள மறைவா ட்யூப், இதுதான் பழைய நேஷனல் மேட்ச் ஸ்டைல், இன்னிக்கும் நல்லாவே வேலை செய்யுது. ரெயில் மாதிரி ஹேண்ட்கார்டுக்கும் இப்ப சிஎம்பில இடம் இருக்கு, ஆனா ஸ்விவல் இஷ்டத்துக்கு நகர்த்துற மாதிரி இருக்கக்கூடாது, அதனால வாங்குறதுக்கு முன்னாடி அந்த வருஷ ரூல் புக்கைத் திறந்து பாத்துடுங்க.

கடையில மினுமினுன்னு இருக்குற லைட் வெயிட் ஹேண்ட்கார்டைப் பாத்து மயங்காதீங்க, இந்த விளையாட்டுல முன்பக்கம் கொஞ்சம் கனமா இருந்தா நின்னு சுடும்போது நல்லதுதான். நீங்க பாக்க வேண்டியது அது வளையாம இருக்கான்னு. மாட்டின அப்புறம் ஒரு பேப்பர் துண்டை ட்யூபுக்கும் பேரலுக்கும் நடுவுல விட்டு, ஸ்லிங்கை ஒருத்தரை நல்லா கீழ இழுக்கச் சொல்லிட்டு, பேப்பரை முன்ன பின்ன ஓட்டிப் பாருங்க. பேரல் நடுவுல கேஸ் எடுக்குற கேஸ் பிளாக் பக்கம் சிக்கிச்சுன்னா அது ஃப்ரீ ஃப்ளோட் பேருக்குத்தான். பேரலை ரிசீவரோட இறுக்குற சாதா பேரல் நட்டுக்கு டார்க் (முறுக்கு விசை) 30-ல இருந்து 80 ஃபுட் பவுண்ட், கம்பெனி தனி நட்டு குடுத்திருந்தா அவங்க சொல்ற கணக்கு. கேஸ் ட்யூப் நட்டுல எங்கயும் உரசாம போகணும்.

இப்ப ட்ரிகர். 4.5 பவுண்டுக்கு கீழ ரிலீஸ் ஆகக்கூடாதுங்கறதுதான் ரூல். மேட்ச் செக்கிங்ல துப்பாக்கியை காலி பண்ணி, காக் பண்ணி, பேரலை நேரா மேல பாக்க வச்சு, ட்ரிகர்ல கொக்கியை மாட்டி 4.5 பவுண்டு எடையை, அதாவது 2 கிலோவுக்கு கொஞ்சம் மேல, தரையில இருந்து தூக்குவாங்க. ஹேமர் (ஃபயரிங் பின்னை அடிக்கிற சுத்தி) விழுந்தா ஃபெயில்.

4.5 பவுண்டை ஒரே இழுப்பா வச்சா, நின்னு சுடும்போது கை ஆடிட்டே இருக்கும், அந்த நேரத்துல ட்ரிகர் கனமா இருந்தா துப்பாக்கியையே சேத்து இழுத்துடுவீங்க. அதனால ரெண்டு கட்டமா, நடுவுல ஒரு தடை தெரியுற மாதிரி இழுக்குற டூ ஸ்டேஜ்தான், யோசிக்கவே வேணாம். கனத்தை எல்லாம் முதல் ஸ்டேஜ்ல ஏத்திட்டு ரெண்டாவதை லேசா வச்சுக்கணும், மூணரை பவுண்டு முதல்ல, ஒண்ணேகால் ரெண்டாவதுல, மொத்தம் 4.75-ன்னு. கைஸ்லி கம்பெனியோட எஸ்எஸ்ஏ ட்ரிகர் மொத்தமே 4.5 தான், அதுல ரெண்டாவது ஸ்டேஜுக்கே 2 பவுண்டு போயிடுது. எஸ்எஸ்ஏ-ஈ 3.5, அது இங்க செல்லாது. அட்ஜஸ்ட் பண்ற அவங்க ஹை ஸ்பீட் நேஷனல் மேட்ச் ட்ரிகர் மாதிரி ஒண்ணு இருந்தா கனத்தை நாமளே பிரிச்சு வச்சுக்கலாம்.

நான் ஒரு தடவை வீட்டுல ஸ்பிரிங் தராசுல பாத்து கரெக்டா 4.5-ல நிறுத்திட்டு ஜம்முனு போனேன், செக்கிங்ல எடை தரையை விட்டு எழும்பவே இல்ல, டக்குனு ஹேமர் விழுந்துடுச்சு. ரெண்டு தப்பு. ட்ரை ஃபயர் நிறைய பண்ணினதுல ஸ்பிரிங் கொஞ்சம் இறங்கியிருந்தது, அப்புறம் கொக்கி நான் வீட்டுல வச்ச இடத்தைவிட கீழ நின்னுச்சு, ட்ரிகர் நுனி பக்கம் போகப் போக கம்மி எடைக்கே ரிலீஸ் ஆகும். இப்பல்லாம் 4.75-க்கு கீழ விடுறதே இல்ல, அளக்குறதும் நிஜ எடைக்கட்டிலதான்.

எடை குறைக்கிறேன்னு ஹேமர் ஸ்பிரிங்கை லேசானதா மாத்தாதீங்க, கெட்டி ப்ரைமர் (தோட்டா பின்னாடி அடிபட்டு பத்திக்கிற சின்ன மூடி) வந்தா க்ளிக்னு மட்டும் கேக்கும். ட்ரிகர் மாட்டுற பின் சைஸும் பாருங்க, சாதா லோயர்ல (ட்ரிகர் உக்கார்ற கீழ் பாகம்) 0.154 இன்ச், சில பழைய கோல்ட் (Colt) கம்பெனி துப்பாக்கில 0.170. ரெண்டாவது ஸ்டேஜ் எங்கேஜ்மென்ட்டை, அதாவது ட்ரிகர் ஹேமரைப் பிடிச்சிருக்குற அளவை, ஸ்க்ரூவால ரொம்ப குறைச்சா ஒரு இழுப்புக்கு ரெண்டு ரவுண்டு போற ஆபத்து இருக்கு. அதனால ஸ்க்ரூவைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் சேம்பர் காலின்னு பாத்துட்டு, அப்பர் மாட்டின நிலையிலயே ட்ரிகரை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு சார்ஜிங் ஹேண்டிலை இழுத்து விடுங்க, அப்புறம் விரலை மெதுவா விடுங்க. க்ளிக்னு ஹேமர் டிஸ்கனெக்டர்ல (ட்ரிகரை விடுற வரைக்கும் ஹேமரைப் பிடிச்சு வைக்கிற கொக்கி) இருந்து ட்ரிகருக்கு மாறுற சத்தம் கேக்கணும், திரும்ப இழுத்தாத்தான் ஹேமர் விழணும். சேஃப்டி போட்டா விழவே கூடாது. இதுல ஒண்ணு தப்பினாலும் அந்த ரைஃபிளை ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க.