ஏற்று, இறக்கு, ஏற்று: ஜேபியிலிருந்து சாங்கிக்குப் பஸ்ஸில் போவது

எங்கள் வீடு மலேசியாவில், ஜேபி என்று நாங்கள் சொல்லும் ஜொகூர் பாருவில், தம்போய் பக்கம். அம்மாவின் தங்கை திருச்சியில் இருக்கிறார். வருடத்துக்கு ஒரு முறையாவது அம்மா அவரைப் பார்த்தாக வேண்டும், இல்லையென்றால் குழம்பில் உப்பு குறையும், வீட்டில் பேச்சும் குறையும். கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு இங்கிருந்து பஸ்ஸில் நான்கு மணி நேரத்துக்கு மேல். செனாய் விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் அங்கிருந்து கிளம்பினால் கோலாலம்பூரில் ஒரு முறை மாற வேண்டும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஏறினால் திருச்சிக்கு நேராகப் போய் இறங்கலாம். நடுவில் ஒரு நாட்டு எல்லை இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ‘அவ்வளவுதான்’ என்ன என்று முதல் பயணத்தில் அம்மா கேட்ட கேள்வியில் தெரிந்தது. சிங்கப்பூர் பக்கத்து உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பஸ்ஸைவிட்டு இறங்கி நின்றபடி, “இன்னும் எத்தனை தடவைடி இந்தப் பெட்டிய ஏத்தி எறக்கணும்?” என்றார். அதற்குப் பிறகு வழியைப் பற்றி யார் கேட்டாலும் நான் நேரத்தையும் பணத்தையும் கடைசியில்தான் சொல்வேன். முதலில் பெட்டியை எத்தனை முறை தூக்க வேண்டும் என்ற கணக்கு. கையில் ஒரு தோள்பை மட்டும் உள்ள ஆளுக்கு எல்லா வழியும் ஒன்றுதான். 23 கிலோ பெட்டியும் எழுபது வயது அம்மாவும் கூட வந்தால் கதையே வேறு.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியதில் முக்கியமானது சிங்கப்பூர் வருகை அட்டை. மலேசியர்களும் நிரப்ப வேண்டும், ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலம் வழியாகப் போனாலும் நிரப்ப வேண்டும். போகும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பலாம். சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் இது இலவசம். தேடினால் அதே மாதிரி தோற்றத்தில் காசு கேட்கும் தளங்களும் வரும், அங்கே அட்டை எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். எங்கே தங்குகிறீர்கள் என்ற கேள்விக்குத் தங்கவில்லை, அன்றே போகிறேன் என்று சொல்ல வழி இருக்கிறது. முடித்ததும் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லையில் போன் மலேசியக் கோபுரத்துக்கும் சிங்கப்பூர்க் கோபுரத்துக்கும் நடுவில் தடுமாறும், அந்த நேரம் பார்த்து மின்னஞ்சல் திறக்காது.

இன்னொன்று. சாங்கியில் விமானம் ஏறத்தானே போகிறோம், இது ‘டிரான்சிட்’ தானே என்று சிலர் நினைக்கிறார்கள். தரை வழியாகப் போகிறவர் சிங்கப்பூருக்குள் நுழைந்துதான் விமான நிலையத்துக்குப் போக முடியும். மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு விசா தேவையில்லை, கவலையில்லை. ஊரிலிருந்து வந்து நம் வீட்டில் தங்கியிருக்கும் உறவினரை இந்த வழியில் கூட்டிப் போவதென்றால், அவருடைய இந்தியக் கடப்பிதழுக்குச் சிங்கப்பூர் விசா இருக்கிறதா என்று டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பாருங்கள்.

பெட்டியில் என்ன இருக்கிறது என்பதையும் ஒரு முறை பாருங்கள். மின்சிகரெட் சிங்கப்பூரில் அறவே தடை, கையில் வைத்திருப்பதே குற்றம். சூயிங்கம் கொண்டுபோகக் கூடாது. சிகரெட்டுக்கு வரிவிலக்கு கிடையாது, ஒரு பாக்கெட் இருந்தாலும் சொல்லி வரி கட்ட வேண்டும். மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மதுவிலும் வரிவிலக்கு இல்லை. அம்மாவின் பெட்டியில் இருப்பது மைலோவும் பிஸ்கட்டும்தான், அதற்கு ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.

சரி, வழிக்கு வருவோம்.

லார்க்கின் பேருந்து நிலையத்திலேயே சிங்கப்பூர் பஸ் ஏறலாம், உட்கார இடமும் கிடைக்கும். ஆனால் கொஞ்ச தூரம் போனதும் நம் பக்கத்துக் கஸ்டத்தில் இறக்கிவிடுவார்கள். (சோதனைச் சாவடியை இங்கே எல்லோரும் கஸ்டம் என்றுதான் சொல்வோம்.) அதாவது பெட்டியை ஒரு தடவை வீணாகத் தூக்குகிறீர்கள். நேராக ஜேபி சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு வந்துவிடுவது நல்லது. அங்கிருந்து மாடியில் நடந்தே குடிநுழைவுக் கூடத்துக்குப் போகலாம். சோதனை முடிந்ததும் கீழே இறங்கினால் பஸ் நிற்கும் இடம். எண் எழுதிய பலகையின் கீழ் தனித்தனி வரிசை இருக்கும்.

இங்கே எந்த வரிசையில் நிற்பது என்பதுதான் பெரிய முடிவு.

நான் நிற்பது 950 வரிசையில். அது உட்லண்ட்ஸ் பேருந்து நிலையத்துக்குப் போகும். அங்கே 858 ஏறினால் நேராகச் சாங்கி. 858 அங்கேயே புறப்படுவதால் அம்மாவுக்கு முன்பக்கம் இடம் கிடைக்கும், பெட்டியை முழங்காலுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளலாம். செம்பவாங், ஈசூன் என்று சுற்றித்தான் போகும், ஒன்றரை மணி நேரத்தை அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். கட்டணம் மூன்று சிங்கப்பூர் வெள்ளிக்குள். ரயிலைவிட மெதுவானது என்று என் மகன் இன்னும் சண்டை போடுகிறான். அவன் தோள்பைக்காரன்.

அவன் போகும் வழி இது: 170எக்ஸ் அல்லது காஸ்வே லிங்க் நிறுவனத்தின் சிடபிள்யூ 1 பஸ்ஸில் கிராஞ்சி ரயில் நிலையம். அங்கிருந்து சிவப்புத் தட ரயிலில் சிட்டி ஹால். சிட்டி ஹாலில் பாசிர் ரிஸ் பக்கம் போகும் பச்சைத் தட ரயிலுக்கு மாறி, தானா மேராவில் இறங்கி, சாங்கி விமான நிலைய ரயில் ஏற வேண்டும். மூன்று ரயில். பெட்டியைத் தூக்க வேண்டியதில்லை, உருட்டலாம், மின்தூக்கியும் இருக்கிறது. ஆனால் காலையிலும் மாலையிலும் வேலைக்குப் போய்வரும் கூட்டத்துக்குள் ஒரு பெட்டியோடு நிற்பது நமக்கும் தொல்லை, அவர்களுக்கும் தொல்லை. சிட்டி ஹால் வரை போகாமல் பீஷானில் வட்டத் தடத்துக்கு மாறி, மெக்பர்சனில் நீலத் தடம் பிடித்து, எக்ஸ்போவில் இறங்கினால் அடுத்த நிலையமே சாங்கி. வரைபடத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் நடக்கும் தூரத்தை வரைபடம் காட்டாது.

ரயிலில் ஒரு விஷயம் கவனம். அம்மா ஒரு தடவை பழக்கத்தில் ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் காப்பி ஊற்றிவிட்டார். எதிரில் உட்கார்ந்திருந்த சீனப் பாட்டி ஒன்றும் பேசாமல் கதவுக்கு மேலே இருந்த படத்தைக் காட்டினார்: சாப்பிட்டாலும் குடித்தாலும் 500 வெள்ளி அபராதம். அம்மா அந்தக் காப்பியை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஃபிளாஸ்க்குக்குள் திருப்பி ஊற்றியதைப் பார்த்திருக்க வேண்டும். டுரியானும் ரயிலில் ஏற்றக் கூடாது, அதைத் திருச்சிக்குக் கொண்டுபோகிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

புக்கிட் இண்டா, ஸ்கூடாய் பக்கம் இருப்பவர்கள் ஜேபி சென்ட்ரலுக்கு வரவே வேண்டாம். சிடபிள்யூ 3 இரண்டாவது பாலம் வழியாகத் துவாஸுக்குள் நுழைந்து ஜூரோங் ஈஸ்ட்டில் விடும். அங்கிருந்து பச்சைத் தடத்திலேயே உட்கார்ந்து தானா மேரா வரை போய்விடலாம். நீளமான பயணம்தான், ஆனால் ரயில் மாறுவது ஒரே ஒரு தடவை.

எந்தப் பஸ்ஸாக இருந்தாலும் பாலத்தின் மறுபக்கம், உட்லண்ட்ஸிலோ துவாஸிலோ, எல்லாரும் இறங்க வேண்டும், எல்லாச் சாமான்களோடும். டிரைவர் காத்திருக்க மாட்டார். நீங்கள் மேலே போய், குடிநுழைவு முடித்து, பெட்டியை ஸ்கேனரில் போட்டு எடுத்து, கீழே வந்து, அதே எண்ணுக்கான வரிசையில் நின்று அடுத்த பஸ்ஸில் ஏற வேண்டும். காசு கொடுத்துச் சீட்டு வாங்கியிருந்தால் அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், மறுபடி ஏறும்போது கேட்பார்கள். நான் ஒரு தடவை அதில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து எங்கோ போட்டுவிட்டு இன்னொரு முறை காசு கட்டினேன். சிங்கப்பூர்ப் பஸ்ஸிலும் ரயிலிலும் கட்டணம் கட்டத் தட்டும் ஈஸிலிங்க் அட்டையில் போகிறவர்கள் இறங்கும்போதும் தட்டி, மறுபடி ஏறும்போதும் தட்ட வேண்டும். வங்கி அட்டையையும் தட்டலாம், வெளிநாட்டு அட்டைக்கு மேல்கட்டணம் உண்டு. வருடத்தில் இரண்டு மூன்று தடவை போகிறவர் ஒரு ஈஸிலிங்க் வாங்கி வைத்துக்கொள்வது மேல்.

தானியங்கி வாயிலில் அம்மா போன்றவர்களை முன்னால் அனுப்புங்கள், நீங்கள் பின்னால் போங்கள். நான் முதலில் நுழைந்துவிட்டேன். அம்மாவை இயந்திரம் அடையாளம் காணவில்லை, கண்ணாடிக் கதவு திறக்கவில்லை. நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். திரும்பிப் போகவும் முடியாது. கடைசியில் அதிகாரி ஒருவர் வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, கேமராவை நேராகப் பார்க்கச் சொன்னார். உடனே திறந்துவிட்டது. அம்மா வெளியே வந்து, “என் கண்ணாடிதான் அதுக்குப் புடிக்கல” என்றார். தொப்பி, முகக்கவசம், கண்ணாடி எல்லாவற்றையும் வரிசையிலேயே கழற்றிவிடுங்கள்.

பஸ்ஸுக்கு ஒரு மாற்று இருக்கிறது, கிடைத்தால் அதுதான் ராஜா: மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம்மின் தெப்ராவ் ரயில். ஜேபி சென்ட்ரலில் ஏறினால் ஐந்தே நிமிடத்தில் உட்லண்ட்ஸ். பாலத்தில் வண்டிகள் நகராமல் நிற்கும்போது இது பக்கத்திலேயே கடந்து போகும். போகும்போது ஐந்து ரிங்கிட். திரும்பும்போது ஐந்து சிங்கப்பூர் வெள்ளி. ஐந்து ஐந்துதான் என்றாலும் ஒன்றல்ல. மலேசியக் குடிநுழைவுச் சோதனை ஏறுவதற்கு முன் ஜேபி சென்ட்ரலிலேயே முடிந்துவிடும், சிங்கப்பூர்ச் சோதனை இறங்கிய பிறகு. டிக்கெட்டைக் கேடிஎம் செயலியில் முன்கூட்டியே எடுக்க வேண்டும். வெள்ளி மாலை, ஞாயிறு, பள்ளி விடுமுறை டிக்கெட்டெல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடும். விமான டிக்கெட் எடுத்ததும் அடுத்த வேலையாக இதைப் பாருங்கள். உட்லண்ட்ஸில் இறங்கிய பிறகு ஒரு பஸ்ஸில் உட்லண்ட்ஸ் பேருந்து நிலையம், அங்கிருந்து பழையபடி 858.

ஜேபியின் புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் 2026 இறுதிக்குள் ஓடத் தொடங்கும் என்பது திட்டம். நான்கு கிலோமீட்டர், ஐந்து நிமிடம், இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே. அது வந்த ஆறு மாதத்துக்குள் தெப்ராவ் ரயில் நின்றுவிடும் என்கிறார்கள். அம்மாவின் பெட்டிக் கணக்கில் ஒரு ‘இறக்கு’ம் ஒரு ‘ஏற்று’ம் அதோடு போய்விடும்.

இப்போது நேரம். இதைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். இரவு ஏழு மணிக்கு விமானம் என்றால் நாலரைக்குச் சாங்கியில் இருக்க வேண்டும். 858க்கு ஒன்றரை மணி, அதற்காகக் காத்திருக்கக் கால் மணி: ஆக, இரண்டே முக்காலுக்கு உட்லண்ட்ஸ் பேருந்து நிலையம். இரண்டு கஸ்டமும் பாலமும் சேர்த்து சாதாரண நாளில் ஒன்றேகால், ஒன்றரை மணி: ஒன்றேகாலுக்கு ஜேபி சென்ட்ரல். அதற்கு மேல் நான் இன்னொரு மணி நேரம் கூட்டி, பன்னிரண்டேகாலுக்கே அங்கே நிற்பேன். சாங்கியில் உட்கார்ந்து காத்திருக்க நல்ல இடம் இருக்கிறது, பாலத்தின் நடுவில் இல்லை. பாலம் ஒரு கிலோமீட்டர்தான் நீளம், ஆனால் அந்த ஒரு கிலோமீட்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

வார நாளில் விடிகாலை முதல் எட்டரை வரை சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் நேரம், அதில் பெட்டியோடு போய் நிற்காதீர்கள். ஞாயிறு மாலையில் வீட்டுக்கு வந்த எல்லோரும் திரும்பிப் போவார்கள். செவ்வாய், புதன் மதியம் போலச் சுகம் எதுவும் இல்லை. விமானமே விடிகாலை ஆறு ஏழு மணிக்கு என்றால் காலை பஸ்ஸை நம்ப வேண்டாம். ரயிலும் உள்ளூர் பஸ்ஸும் ஓடத் தொடங்குவதே ஐந்தரை வாக்கில்தான். முந்தின இரவு பத்து மணிக்குள் எல்லையைக் கடந்து, சாங்கியிலேயே இரவைக் கழித்துவிடுங்கள்.

உங்கள் விமானம் எந்த முனையம் என்பதைக் கிளம்பும் நாள் காலையில் பாருங்கள், மாறுவது உண்டு. 858 முனையங்களின் அடித்தளத்தில் நிற்கும், மின்தூக்கியில் மேலே போனால் புறப்பாட்டுக் கூடம். ரயிலில் வந்தால் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு நடுவில் இறங்குவீர்கள். நான்காம் முனையம் மட்டும் தனியாக இருக்கிறது, அதற்கு இலவசப் பஸ் ஏற வேண்டும். அதற்கு இருபது நிமிடமாவது கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டி, கைக்குழந்தை, அரிசி குக்கர் என்று போவதானால் நான் சொன்ன எதுவும் வேண்டாம். லார்க்கினில் சிங்கப்பூர் போக உரிமம் உள்ள டாக்சி கிடைக்கும், நாலு பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும். கஸ்டத்திலும் காரிலிருந்து பெட்டியை இறக்கிச் சுமக்க வேண்டியதில்லை.

திரும்பி வரும்போது இதே வழி, தலைகீழாக. ஒரே வித்தியாசம், திருச்சியிலிருந்து வரும் பெட்டி போனதைவிடக் கனமாக இருக்கும். சித்தி கொடுத்தனுப்பும் முறுக்கு டின்னை நான் பெட்டிக்குள் வைப்பதில்லை. அது அம்மாவின் மடியில், 858இன் முன் இருக்கையில் வரும்.