இரட்டைக் காதல் கதையை விமர்சிக்கும்போது எங்கே சறுக்குகிறார்கள்?

புதிதாகப் பட விமர்சனம் எழுத வருபவர்கள், ஒரு படத்தில் இரண்டு காதல் என்றாலே அதே சில குழிகளில் போய் விழுகிறார்கள். நடிகர் பெயரை மாற்றிப் போடுவது, இசையமைப்பாளரை மறப்பது எல்லாம் யாராவது திருத்திவிடுவார்கள். அவற்றை விட்டுவிடலாம்.

கதைக்குக் கதை மார்க் போடுவது

"திருச்சி ஜோடி சூப்பர், சென்னை ஜோடி இழுவை." எம். சரவணன் இயக்கிய 'எங்கேயும் எப்போதும்' (2011) பற்றி இப்படி ஒரு வரியைப் பார்த்தாலே எரிச்சல் வரும். அஞ்சலி அதட்ட, ஜெய் பம்மினால் தியேட்டர் சிரிக்கும். நேர்காணலுக்காகச் சென்னை வந்த அனன்யா, வழிகாட்டும் சர்வானந்தைச் சந்தேகத்தோடு பார்த்தபடி நடந்தால் சிரிப்பு குறையும். சிரிப்பை அளந்தால் முதல் ஜோடிதான் ஜெயிக்கும்.

ஆனால் படம் தொடங்குவதே இரண்டு பேருந்துகள் மோதுவதில்தான். பிறகுதான் கதை பின்னால் போகிறது. அதனால் காதல் கைகூடுமா என்று யாரும் கவலைப்படுவதில்லை. இந்த நாலு பேரில் யாருக்கு என்ன ஆகும் என்பதுதான் வயிற்றைப் பிசைகிறது. ஒரே ஜோடி என்றால் விடை முதல் ரீலிலேயே பாதி தெரிந்துவிடும். இழுவை என்று ஒதுக்கிய கதைதான் அந்தக் கலகலப்பான கதைக்குள்ளும் பயத்தை ஏற்றுகிறது. "அதைக் கத்தரித்திருக்கலாம்" என்று எழுதுவது அச்சாணியைப் பிடுங்கச் சொல்வது மாதிரி.

நோட்டுப் பக்கத்தில் நடுவே ஒரு கோடு போடுங்கள், கதைக்கு ஒரு பக்கம். கதை மாறும்போதெல்லாம் மூன்று குறிப்பு: விட்ட இடத்தின் கடைசி ஷாட், தொட்ட இடத்தின் முதல் ஷாட், எதைப் பிடித்துத் தாவியது (வசனமா, சத்தமா, பொருளா). இருட்டில் இரண்டு சொல்லுக்கு மேல் எழுத வராது, அது போதும். பிடிமானமே இல்லாத தாவல் நாலைந்து அடுத்தடுத்து வந்தால் தாராளமாகக் குறை சொல்லுங்கள். அப்போதும் அடி விழ வேண்டியது தாவலுக்கு, பாவம் அந்த ஜோடிக்கு இல்லை.

கடிகாரத்தைக் கவனிக்காதது

சென்னைக் கதையின் பெரும்பகுதி ஒரே நாளில் நடக்கிறது. 'அலைபாயுதே'யில் (2000) மனைவி வராமல் கணவன் தவிப்பது சில மணி நேரம், நினைவில் ஓடும் காதலோ நெடுங்காலம். "வேகம் பத்தவில்லை" என்று எழுதும் முன் எந்தக் கதைக்கு எத்தனை நாள் என்று எண்ணிவிடுங்கள்.

ஆந்தாலஜி என்று சொல்லிவிடுவது

'சில்லுக்கருப்பட்டி'யில் (2019) நாலு கதை, ஒன்று முடிந்து அடுத்தது. அது ஆந்தாலஜி. இரண்டு கதையும் மாறி மாறி ஓடும் படம் வேறு.

ஸ்பாய்லர்

'எங்கேயும் எப்போதும்' விபத்தைச் சொல்லலாம், படமே முதலில் காட்டிவிடுகிறது. யாருக்கு என்ன ஆகிறது என்று மட்டும் மூச்சு விடக்கூடாது.

"இரு கதைகளும் அழகாகச் சங்கமிக்கின்றன"

எந்த ஷாட்டில்? தெரியாவிட்டால் அந்த வரியையே வெட்டிவிடுங்கள்.