பக்கத்துத் தோட்டத்தில் ஆயிரம் வீடு வருகிறதா? தகர வேலி போடும் முன்பே செய்ய வேண்டியது

செமினி, ரவாங், சுங்கை பட்டாணி, எந்தப் பக்கம் போனாலும் ஒரே கதைதான். போன வருஷம் வரை செம்பனை நின்ற இடத்தில் தகர வேலி, வேலி மேல் சிரிக்கும் குடும்பத்தின் படம், உள்ளே புல்டோசர். அதைப் பார்த்த பிறகுதான் நம் தாமான் (குடியிருப்பு) வாட்ஸ்அப் குழு பொங்க ஆரம்பிக்கும். அந்தக் கட்டத்தில் கோபப்பட்டுப் பெரிய பலன் இல்லை, ஏனென்றால் அனுமதி கொடுத்து முடிந்திருக்கும்.

வீடு வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. 1970-ல் மலேசியர்களில் நூற்றுக்கு 28 பேர்தான் நகர்ப்புறத்தில் இருந்தார்கள், 2020-ல் 75 பேர். சிலாங்கூரில் மட்டும் 2010-க்கும் 2020-க்கும் நடுவில் ஏறக்குறைய ஒன்றரை மில்லியன் பேர் கூடிவிட்டார்கள். கோலாலம்பூரில் வீடு வாங்க முடியாத நம் பிள்ளைகளும், லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவர்களும் அதில் அடக்கம். அவர்களுக்கு வீடு வேண்டும்தான். ஆனால் வீடு முதலில் வருகிறது. குழாய், லோங்காங் (வடிகால்), சாலை, பள்ளி எல்லாம் எப்போதாவது பின்னால் வருகிறது. அந்த வரிசையை மாற்றச் சொல்லித்தான் நாம் கேட்க வேண்டும்.

முதல் வேலை, நகராண்மைக் கழகத்தின் திட்டப் பிரிவுக்குப் போய் உங்கள் பகுதியின் ரஞ்சாஙான் தெம்பாத்தானை, அதாவது உள்ளூர்த் திட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். எந்த நிலம் விவசாயம், எந்த நிலம் குடியிருப்பு என்று குறித்து வைத்திருக்கும் திட்டம் அது. நம் கண்ணுக்குத் தோட்டமாகத் தெரிவது அந்த வரைபடத்தில் எப்போதோ குடியிருப்பாகியிருக்கும், பலர் அங்கேதான் அதிர்ந்து போவார்கள்.

1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில், அதாவது 172-ஆம் சட்டத்தில், நமக்கு இரண்டு வாசல் இருக்கிறது. இந்தத் திட்டத்தின் வரைவைப் பொதுப் பார்வைக்கு வைக்கும்போது, ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் கொடுக்க வேண்டும். இது யாருக்கும் திறந்த வாசல். இன்னொன்று, குறிப்பிட்ட ஒரு வீடமைப்புக்கு அனுமதி கேட்கும்போது பக்கத்து நில உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் வரும், 21 நாளுக்குள் எதிர்ப்பைச் சொல்லலாம். ஆனால் அந்தப் பிரிவு, உள்ளூர்த் திட்டம் இன்னும் இல்லாத இடத்துக்கு எழுதப்பட்டது. பக்கத்து நிலம் என்றாலும் எல்லையை ஒட்டியது, அல்லது 20 மீட்டருக்கு மேல் போகாத சாலையோ வடிகாலோ நடுவில் இருப்பது, பெரும்பாலும் அவ்வளவுதான். இரண்டு தெரு தள்ளி இருப்பவர் வெள்ளத்தில் மாட்டினாலும் சட்டத்தின் கண்ணுக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. அதனால் முதல் வாசலைத் தவற விடாதீர்கள். பத்திரிகையில் வரும் அந்தக் குட்டி அறிவிப்பைப் பார்க்கவே தாமானில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர் யாராவது கட்டாயம் இருப்பார்.

சரி, கடிதத்தில் என்ன எழுதுவது? 'நெரிசல் அதிகமாகும்' என்று எழுதினால் அது கோப்புக்குள் போய்த் தூங்கும். கணக்குப் போட்டுக் கேளுங்கள்.

தண்ணீர்: ஆயிரம் வீடு, வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் என்று வைத்தாலே எட்டு லட்சம் லிட்டர். அது எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது, அதே தொட்டியில் இப்போது நாம் எத்தனை வீடு இருக்கிறோம் என்று கேளுங்கள். ஆற்றில் துர்நாற்றக் கழிவு கலந்து சுங்கை செமினி சுத்திகரிப்பு நிலையத்தை மூடியது 2016-லும் நடந்தது, 2020-லும் நடந்தது. ஒரே நிலையத்தை நம்பி எவ்வளவு பேர் கூடுகிறார்களோ, அது மூடும்போது அவ்வளவு பேர் வாளியோடு நிற்க வேண்டும்.

மழைநீரைப் பற்றித்தான் நான் அதிகம் அடம்பிடிப்பேன். 50 மில்லிமீட்டர் மழை நூறு ஏக்கரில் விழுந்தால் இரண்டு கோடி லிட்டர். தோட்டமாக இருந்தபோது அதில் பெரும்பகுதியை மண் குடித்தது, மிச்சம் மெதுவாக ஓடைக்குப் போனது. தார், சிமெண்ட், கூரை எல்லாம் வந்த பிறகு அவ்வளவும் ஒரே நேரத்தில் தாழ்வான பழைய தாமானை நோக்கி ஓடி வரும். வீடமைப்புக்குப் பிறகு வெளியேறும் உச்ச நீரோட்டம் முன்பு இருந்ததைவிடக் கூடக் கூடாது என்று வடிகால் நீர்ப்பாசனத் துறையின் கையேடு 2001-லிருந்தே சொல்கிறது. அதற்குத்தான் தேக்கக் குளம். எனவே கேளுங்கள்: குளம் மண் வேலையோடு சேர்ந்தே தயாராகுமா, இல்லை கடைசி வீடு விற்ற பிறகா? கட்டுமானச் செம்மண் அடித்து வந்து குளம் தூர்ந்தால் யார் அள்ளுவார்கள்? வீடுகளை ஒப்படைத்த பிறகு பராமரிப்பு யார் பொறுப்பு? இந்தக் கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரை மேல் ஏறி நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

கழிவுநீருக்கு ஒரு வீட்டை ஐந்து பேர் என்றுதான் கணக்கு வைப்பார்கள். ஆயிரம் வீடு ஐயாயிரம் பேர். புது சுத்திகரிப்பு நிலையமா, பழையதோடு இணைப்பா என்று மட்டும் கேட்டால் போதும்.

சாலையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு மேம்பாட்டாளரும் போக்குவரத்து மதிப்பீட்டு அறிக்கை கொடுப்பார். தன் வீடுகளை மட்டும் எண்ணினால் சாலை தாங்கும் என்றுதான் வரும். தோட்டத்து லோரிக்காகப் போட்ட அந்த இருவழிச் சாலையில், ஏற்கெனவே அனுமதி வாங்கிய மற்ற தாமான்களையும் சேர்த்து எண்ணினீர்களா என்று கேளுங்கள். கஜாங் எம்ஆர்டி ரயில் 2017-ல் வந்துவிட்டது, ஆனால் செமினிக்காரர் அந்த ஸ்டேஷனுக்குப் போகவே காலையில் அதே சாலையில்தான் நிற்கிறார்.

அப்புறம் தமிழ்ப்பள்ளி. மக்கள் தாமானுக்கு வந்துவிட்டார்கள், பள்ளி செம்பனைக்குள்ளேயே நிற்கிறது. அங்கே பிள்ளைகள் குறைகிறார்கள், 150-க்குக் கீழே போனால் அது 'குறைந்த மாணவர் பள்ளி' ஆகிவிடும். இங்கே தாமானிலோ பக்கத்தில் தமிழ்ப்பள்ளி இல்லாமல் பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்புகிறார்கள். வரைபடத்தில் 'பள்ளி நிலம்' என்று இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். அது வெறும் நிலம், கட்டிடத்துக்குக் கல்வி அமைச்சு மனசு வைக்க வேண்டும். பள்ளி வாரியம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் இரண்டையும் சேர்த்துக்கொண்டு, உள்ளே இருக்கும் பள்ளியை இந்த நிலத்துக்கு மாற்றச் சொல்லி மாவட்டக் கல்வி இலாகாவுக்குத் தனியாக எழுதுங்கள். எத்தனை தமிழ்ப் பிள்ளைகள், என்னென்ன வயது என்று வீடு வீடாக எடுத்த பட்டியலை இணையுங்கள். கோயிலுக்கும் சுடுகாட்டுக்கும் நிலம் கேட்பதும் இந்தக் கட்டத்தில்தான். ரோடு போட்ட பிறகு கேட்டால் மிஞ்சியிருப்பது மின்கோபுரத்துக்குக் கீழே உள்ள துண்டு நிலம்தான்.

கடிதத்தை மலாயில் எழுதுங்கள், இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வீட்டு எண்ணோடு கையெழுத்து வாங்குங்கள். பதிவு பெற்ற குடியிருப்பாளர் சங்கத்தின் பெயரில் போனால் எடை கூடும், ஏழு பேர் இருந்தாலே சங்கம் பதியலாம். 'நேரில் பேச விரும்புகிறோம்' என்ற வரியை மறக்காதீர்கள், விசாரணைக்குக் கூப்பிடுவதற்கு அதுதான் பிடி. ஒரு பிரதி சட்டமன்ற உறுப்பினருக்கு, ஒன்று உங்கள் பகுதி கவுன்சிலருக்கு. கவுன்சிலர் நாம் ஓட்டுப் போட்டு வந்தவர் இல்லை, நியமனம்தான், ஆனாலும் கூட்டத்தில் உட்காருபவர் அவர். கவுண்டரில் கொடுக்கும்போது உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.