சிமுலேற்றர் விமானம் இடப்புறம் இழுத்தால்: புரொப்பெல்லரின் விளைவைச் சுக்கானால் அடக்கும் முறை

கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேற்றரில், செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தின் த்ரொட்டிலை (இயந்திர விசையைக் கூட்டும் பிடியை) முழுமையாகத் திறந்தவுடன் அது ஓடுபாதையை விட்டு இடப்புறப் புல்லுக்குள் இறங்குவதைக் காணும் புதியவர்கள், முதலில் ஜொய்ஸ்ரிக்கைத்தான் சந்தேகிக்கிறார்கள். கிளிநொச்சியில் என்னுடன் சேர்ந்து பழகும் இளையோரும் இதையே கேட்டார்கள். பெரும்பாலும் ஜொய்ஸ்ரிக்கில் குறை இராது; உண்மையான விமானத்தில் புரொப்பெல்லர் செய்வதையே சிமுலேற்றரும் செய்கிறது. இந்த விளக்கம் ஃபிளைட்கியர் மென்பொருளுக்கு உரியது. அது இலவசமானது, விமானத்தின் கணக்குகளைத் திறந்து பார்க்கவும் இடமளிக்கிறது என்பதால், பழகுபவருக்கு அதையே நான் விரும்பிப் பரிந்துரைக்கிறேன். நிறுவும் முறையை இங்கே விளக்கவில்லை.

முதலில் இயந்திரத்தை முடுக்காமல், 'டீபக்' பட்டியலில் உள்ள 'பிரவுஸ் இன்டேர்னல் ப்ரொப்பட்டீஸ்' என்பதைத் திறந்து, 'கொன்ட்ரோல்ஸ்', அதனுள் 'ஃபிளைட்', அதனுள் 'ரடர்' (மூக்கை இட வலமாகத் திருப்பும் வாற்சுக்கான்) என்று செல்லுங்கள். ஜொய்ஸ்ரிக்கில் கை வைக்காதபோது அந்த எண் பூச்சியமாக இருந்தால் கருவி சரியாகவே உள்ளது. பூச்சியத்திலிருந்து விலகி நின்றால் அதைச் சீரமைத்த பின்னரே மேலே செல்ல வேண்டும்.

அடுத்த படியே எனக்கு நீண்ட காலம் பிடிபடாமல் இருந்தது. அதே இடத்தில் 'ஓட்டோ கோடினேஷன்' என்றொரு அமைப்பு உண்டு. அது இயங்கும்போது, எய்லரோனை (விமானத்தைச் சாய்க்கும் சிறகு மடலை) அசைக்கும் அளவில் ஒரு பங்கு தானாகவே சுக்கானுக்கும் போய்விடுகிறது. புரொப்பெல்லரால் மூக்கு இடப்புறம் திரும்பும்போது வலச்சிறகு சற்று விரைந்து செல்வதால் உயர்ந்து, இடச்சிறகு தாழும். சிறகு தாழ்வது மட்டுமே கண்ணில் படுவதால் புதியவர் வலப்புற எய்லரோனைக் கொடுக்கிறார். அமைப்பு சுக்கானையும் சேர்த்துத் திருப்பி நோயை மறைத்துவிடுகிறது. அதை நிறுத்தியதும் உண்மை தெரியும்: எய்லரோன் மட்டும் கொடுத்தால் இடச்சிறகில் கீழிறங்கும் எய்லரோன் அந்தச் சிறகின் காற்றுத்தடையைக் கூட்டி, மூக்கை மேலும் இடப்புறமே இழுக்கும். சிறகுகள் மட்டமாக இருந்தும் விமானம் பக்கவாட்டில் வழுக்கிச் செல்வது இதனால்தான். ஆகவே அதை நிறுத்திவிடுங்கள். சுக்கானைத் தனியே பழகாமல் இந்தச் சிக்கல் தீராது.

மூன்றாவதாக, காற்றைப் பூச்சியமாக்கி, வன்னிக்கு அருகிலுள்ள பயணிகள் விமான நிலையமான பலாலியில், ஓடுபாதை 23 இல் விமானத்தை நிறுத்துங்கள். அந்த ஓடுபாதை தென்மேற்கு நோக்கியது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றை வைத்தால் அது வலப்புறத்திலிருந்து அடித்து மூக்கை வலப்புறம் திருப்ப முயன்று, புரொப்பெல்லரின் விளைவோடு கலந்துவிடும்.

இனி த்ரொட்டிலை ஒரேயடியாகத் தள்ளாமல் மெல்லத் திறந்து, அதே கணத்தில் வலச்சுக்கானைச் சிறிது கொடுங்கள். மூக்கு திரும்பிய பின் கொடுப்பது பிந்திவிடும். விமானியின் இருக்கையிலிருந்து பார்க்க புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றுவதால், விமானத்தின் உடல் எதிர்த்திசையில் உருள முயன்று இடப்புறச் சக்கரத்தை அழுத்துகிறது; வயற்கிணற்றடியில் நீரிறைக்கும் இயந்திரத்தை முடுக்கும்போது அதன் உடல் ஒரு பக்கமாக உதறுவதும் இதே விளைவுதான். கூடவே, சுருளாகப் பின்னோக்கி ஓடும் காற்று செங்குத்து வாலின் இடப்பக்கத்தில் மோதி மூக்கை இடப்புறம் தள்ளுகிறது.

மணிக்கு 55 கடல்மைல் வேகத்தில் மூக்கை உயர்த்தி, 70 முதல் 80 வரையான வேகத்தில் ஏறும்போது மூன்றாவது காரணம் சேர்கிறது. மூக்கு உயர்ந்திருப்பதால், வலப்புறம் கீழிறங்கும் புரொப்பெல்லர் அலகு காற்றைக் கூடுதல் கோணத்தில் வெட்டி அதிகமாக இழுத்து, மூக்கை இடப்புறம் திருப்புகிறது. இதையே பி-ஃபக்ரர் என்கிறார்கள். ஏறும்போது திரும்பல் காட்டியின் அடியிலுள்ள பந்து வலப்புறம் ஒதுங்கினால், அது நடுவுக்கு வரும்வரை வலச்சுக்கானைக் கொடுங்கள். பந்து எந்தப் பக்கமோ, சுக்கானும் அந்தப் பக்கமே.

பின்னர் சேர்த்தது: ஜொய்ஸ்ரிக் இல்லாமல் பழகும் வாசகர் ஒருவர், ஏறும்போது விமானம் திடீரெனத் தலைகுனிவதாக எழுதியிருந்தார். எண் விசைப்பலகையில் 0 இடச்சுக்கானுக்கும் என்ரர் வலச்சுக்கானுக்கும் உரியவை. நடுவிலுள்ள 5 ஐ அழுத்தினால் சுக்கானோடு எய்லரோனும், மூக்கை உயர்த்திப் பிடிக்கும் எலிவேற்றரும் சேர்ந்தே நடுநிலைக்கு வந்துவிடும். ஏறும்போது கொடுத்த வலச்சுக்கானைக் குறைக்க 5 ஐத் தொடாமல், 0 ஐச் சிறிது சிறிதாகத் தட்டிச் சுக்கானை மட்டும் நடுவை நோக்கித் திருப்புங்கள்.

சிமுலேற்றரின் வேறு விமானத்தில் இந்த இடப்புற இழுப்பே இல்லையென்று இன்னொருவர் கேட்டார். ஃபிளைட்கியரில் விமானம் பறப்பதைக் கணிக்கும் ஜேஎஸ்பிசிம் கணக்குமுறையில் பி-ஃபக்ரர் எண்ணை விமானத்தை ஆக்கியவர் கோப்பில் எழுதியிருந்தால் மட்டுமே அந்த விளைவு தோன்றும். சுழற்சித் திசையும் அங்கேயே 'சென்ஸ்' என்ற பெயரில் தரப்படுகிறது. கிரிஃபன் இயந்திரம் பூட்டிய ஸ்பிற்ஃபயர் போர்விமானத்தில் திசை எதிரானது. அதற்கு இடச்சுக்கான் கொடுக்க வேண்டும்.