பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி கற்பிக்க விரும்புகிறீர்களா? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

பினாங்கில் வளர்ந்தவர்களுக்கு ஜப்பானியம் முற்றிலும் அந்நிய மொழியன்று. பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் 1972-இல் உருவானபோது முதலில் வந்து இறங்கிய தொழிற்சாலைகளுள் ஹிட்டாச்சியும் கிளேரியனும் இருந்தன. அன்று முதல் தொழிற்சாலை வழியாக நாலு ஜப்பானியச் சொற்களைக் கற்றுக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் இங்குப் பல உண்டு. அக்குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது பட்டம் பெற்று, ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் இரண்டாம் நிலையான என்2 சான்றிதழோடு வந்து, "இதை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் நேரில் சொல்லும் விடையைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதல் படி: எந்தப் பணி என்று தீர்மானியுங்கள்

பெரும்பாலோர் செய்யும் தவறு, "ஜப்பானிய விரிவுரையாளர்" என்னும் ஒரே ஒரு வேலை இருப்பதாக எண்ணிக்கொள்வது. உண்மையில் ஒரே கட்டடத்தில், அடுத்தடுத்த அறைகளில், ஒரே பாடத்தைக் கற்பிக்கும் இருவர் முற்றிலும் வேறுபட்ட பணிகளில் இருக்கலாம்.

அரசுப் பல்கலைக்கழகங்களில் "குரு பஹாசா" எனப்படும் மொழி ஆசிரியர் பணி ஒன்று உண்டு. பொறியியலோ வணிகமோ படிக்கும் மாணவர்கள் விருப்பப் பாடமாக எடுக்கும் ஜப்பானியம் ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய வகுப்புகளை நடத்துவதே இவரது முதன்மைக் கடமை. கற்பிக்கும் மணிநேரம் மிகுதி. ஆய்வுக் கட்டுரை எழுதவேண்டிய நெருக்கடி குறைவு. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மொழிகள், எழுத்தறிவு, மொழிபெயர்ப்புப் பள்ளியில் ஜப்பானியம் இவ்வாறு அயல்மொழிப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது.

விரிவுரையாளர் பணி வேறு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் மொழிகள், மொழியியல் புலத்தில் இருப்பது போல ஜப்பானிய மொழியையே முதன்மைப் பாடமாகக் கொண்ட பட்டப்படிப்பு இருக்கும் இடங்களில், கற்பித்தலோடு ஆய்வு செய்து வெளியிடுவதும், முதுகலை மாணவர்களுக்கு வழிகாட்டுவதும் விரிவுரையாளரின் கடமையாகும். நிரந்தர விரிவுரையாளர் பணிக்கு இன்று முனைவர் பட்டத்தை எதிர்பார்ப்பதே வழக்கம்.

மூன்றாவதாகப் பகுதிநேரப் பணி இருக்கிறது. ஒரு பருவத்திற்கு மட்டும் ஒப்பந்தம், மணிக்கணக்கில் ஊதியம், அடுத்த பருவத்தில் மாணவர் எண்ணிக்கை குறைந்தால் அழைப்பு வராமலும் போகலாம். இதை இழிவாக எண்ணவேண்டாம். நான் அறிந்தவரையில் முழுநேரப் பணிக்கு வந்தவர்களில் பலர் இந்த வாசல் வழியாகத்தான் நுழைந்தார்கள். ஆனால் இதை மட்டும் நம்பி வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கவேண்டாம்.

இவை தவிர, ஜப்பானுக்கு மேற்படிப்புக்குச் செல்லும் மாணவர்களைத் தயார்செய்யும் வகுப்புகளும் உள்ளன. ஜப்பானைப் போன்ற கிழக்காசிய நாடுகளிடமிருந்து கற்கும் நோக்கில் 1982-இல் மலேசியாவின் கிழக்கு நோக்கும் கொள்கை அறிவிக்கப்பட்டதை ஒட்டி மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட "அம்பாங் அசுஹான் ஜெப்புன்" அவற்றுள் மூத்தது. கோலாலம்பூரில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கீழ் 2011-இல் தொடங்கிய மலேசிய ஜப்பான் அனைத்துலகத் தொழில்நுட்பக் கழகமும், 2024-இல் தன் மலேசியக் கிளையைத் திறந்த சுகுபா பல்கலைக்கழகமும் ஜப்பானிய மொழியோடு நெருங்கிய தொடர்புடையவை. ஆகவே தேடுதலை மொழித் துறைகளோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

இரண்டாம் படி: விளம்பரத்தை முன்கூட்டியே படியுங்கள்

வேலை தேடத் தொடங்கிய பிறகு விளம்பரம் பார்ப்பது தாமதமான செயல். பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டிலேயே நாலைந்து பழைய விளம்பரங்களைச் சேகரித்து, அவை கேட்கும் தகுதிகளை ஒரு தாளில் எழுதி, உங்களிடம் இல்லாதவற்றைக் கோடிட்டு வையுங்கள். அரசுப் பல்கலைக்கழகங்கள் தத்தம் இணையவாசல் வழியாகவே ஆள் எடுக்கின்றன. எனவே ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்கவேண்டும். பழைய விளம்பரங்களில் மொழி ஆசிரியருக்கு டி.ஜி.41 என்றும் விரிவுரையாளருக்கு டி.எஸ்.45 என்றும் காணப்படும் தரநிலைகள், 2024 டிசம்பரில் பொதுச்சேவையின் புதிய ஊதிய முறை நடப்புக்கு வந்ததால் மாறிவிட்டன. எண்ணைப் பார்த்துக் குழம்பாமல் பணிப்பெயரைப் பாருங்கள்.

நம் பிள்ளைகள் கவனிக்கத் தவறும் ஒரு வரி எல்லா அரசுப் பணி விளம்பரங்களிலும் உண்டு: ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.-இல் மலாய் மொழியில் கிரெடிட், அதாவது வெறும் தேர்ச்சிக்கு மேற்பட்ட நிலை. ஜப்பானியத்தில் முதல் நிலை தேறியிருந்தாலும், டோக்கியோவில் முதுகலை முடித்திருந்தாலும், இந்த ஒரு வரி நிறைவேறவில்லையென்றால் நிரந்தரப் பணிக்கு வழியில்லை. கிரெடிட் இல்லாதவர்கள் மறுதேர்வு எழுதி அதை இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள்.

தனியார் பல்கலைக்கழகங்களில் நடைமுறை சற்று வேறு. 1996-ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விக் கழகங்கள் சட்டத்தின்படி அங்குக் கற்பிப்பவருக்குக் கற்பித்தல் அனுமதி தேவை. அதற்கு நிறுவனமே விண்ணப்பிக்கும். நீங்கள் சான்றிதழ்களின் உறுதிசெய்யப்பட்ட நகல்களை ஆயத்தமாக வைத்திருந்தால் போதும்.

மூன்றாம் படி: மொழித் தகுதி

ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபெறுவது. ஐந்து நிலைகளில் என்1 உயர்ந்தது. மொத்தம் 180 மதிப்பெண்ணில் என்1 தேற 100 மதிப்பெண்ணும், என்2 தேற 90 மதிப்பெண்ணும் வேண்டும். அதோடு மொழியறிவு, வாசிப்பு, கேட்டல் ஆகிய மூன்று பகுதிகளில் ஒவ்வொன்றிலும் 60-க்கு 19 எடுத்தாகவேண்டும். மொத்தத்தில் தேறியும் கேட்டலில் 18 எடுத்துத் தோற்றவர்கள் உண்டு.

பல்கலைக்கழகப் பணிக்கு என்1 வைத்திருப்பதே பாதுகாப்பு. என்2 போதும் என்று சில பகுதிநேர விளம்பரங்கள் சொல்லும். ஆனால் போட்டியாளர்களில் ஒருவர் என்1 வைத்திருந்தால் உங்கள் சான்றிதழ் அடியில் போய்விடும். அதே வேளையில், இத்தேர்வில் பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை; எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களே. இதனால்தான் என்1 தேறியவர்களுள் சிலர் வெண்பலகையில் ஒரு காஞ்சி எழுத்தை, அதாவது சீனத்திலிருந்து வந்த சொல்லெழுத்தை, கோடுகளின் வரிசை பிறழாமல் எழுத முடியாமல் தடுமாறுகிறார்கள். அன்றாடப் பயன்பாட்டுக்கென வரையறுக்கப்பட்ட 2136 காஞ்சிகளையும் கையால் எழுதவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தொடக்கநிலை மாணவனுக்குக் கற்பிக்கும் சில நூறு எழுத்துகளையாவது பார்க்காமல் எழுதப் பழகுங்கள்.

நான்காம் படி: பட்டமும் அதற்கான பணமும்

இளங்கலைப் பாடத்தைக் கற்பிப்பவருக்கு முதுகலை இருக்கவேண்டும் என்பதே மலேசியாவில் பொதுவான எதிர்பார்ப்பு. முதுகலையை எந்தத் துறையில் செய்வது என்பதில்தான் கவனம் தேவை. ஜப்பானிய மொழிக் கற்பித்தல், மொழியியல், ஜப்பானியவியல் ஆகியவற்றுள் ஒன்றாக இருந்தால் விளம்பரத்தில் "தொடர்புடைய துறை" என்னும் சொல்லுக்குள் நீங்கள் அடங்குவீர்கள். வணிக நிர்வாகத்தில் முதுகலையும் என்1 சான்றிதழும் வைத்துக்கொண்டு முழுநேரப் பணிக்கு விண்ணப்பிப்பவர், எவ்வளவு நன்றாகப் பேசினாலும், முதல் வடிகட்டலிலேயே நின்றுவிடக்கூடும்.

பணம் இல்லையே என்பவர்களுக்கு ஜப்பானியக் கல்வி அமைச்சின் உதவித்தொகை இருக்கிறது. தூதரகப் பரிந்துரை வழியிலான ஆய்வு மாணவர் பிரிவுக்கு 35 வயதுக்குக் கீழ் இருக்கவேண்டும். விண்ணப்பம் பொதுவாக ஏப்ரல், மே வாக்கில் திறக்கிறது. கல்விக் கட்டணம், விமானச் செலவு, மாத உதவித்தொகை மூன்றும் அடங்கும். விண்ணப்பத்தின் உயிர்நாடி ஆய்வுத் திட்டம். "ஜப்பானியப் பண்பாட்டின்மீது எனக்குத் தீராத காதல்" என்று தொடங்கும் ஆய்வுத் திட்டம் எந்த நாட்டிலும் எடுபடாது. "மலாய் மொழிச் சூழலில் வளர்ந்த கற்போர் ஜப்பானிய இடைச்சொற்களில் செய்யும் பிழைகள்" என்பது போலக் குறுகிய, இங்கிருந்தே தரவு திரட்டக்கூடிய ஒரு வினாவோடு செல்லுங்கள். இன்னும் இளங்கலையில் ஜப்பானியம் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஓராண்டு ஜப்பானியவியல் மாணவர் உதவித்தொகையும் உண்டு.

ஐந்தாம் படி: கற்பித்த அனுபவம்

இந்த இடத்தில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள்: அனுபவம் இல்லாததால் வேலை கிடைப்பதில்லை, வேலை கிடைக்காததால் அனுபவம் சேர்வதில்லை. தனியார் மொழி மையங்களில் மாலை வகுப்பு எடுங்கள். தொழிற்சாலை ஊழியருக்கான அடிப்படை வகுப்புகளை ஏற்றுக்கொள்ளுங்கள். கோலாலம்பூர் மிட்வேலி சிட்டியில் இயங்கும் ஜப்பான் அறநிறுவன அலுவலகம் ஆசிரியர்களுக்காக நடத்தும் பட்டறைகளுக்கும் சென்று வாருங்கள். அடுத்து எங்கே இடம் காலியாகப் போகிறது என்னும் செய்தி விளம்பரமாவதற்கு முன்பே காதில் விழுவது அத்தகைய இடங்களில்தான். கற்பித்த ஒவ்வொரு வகுப்புக்கும் பாடத்தின் பெயர், நிலை, வாரங்கள், மொத்த மணிநேரம் ஆகியவை குறிக்கப்பட்ட கடிதம் கேட்டு வாங்குங்கள். மையம் மூடப்பட்டபின் அந்தக் கடிதத்துக்காக அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஆறாம் படி: விண்ணப்பம்

தன்விவரம், சான்றிதழ்கள், இரண்டு பரிந்துரையாளர்கள், கேட்டால் ஒரு பாடத்திட்ட மாதிரி. 14 வாரப் பருவத்துக்கான திட்டத்தை ஒருமுறை முழுமையாக எழுதி வைத்துக்கொண்டால் எல்லா இடங்களுக்கும் சிறு மாற்றத்தோடு பயன்படும்.

ஏழாம் படி: மாதிரி வகுப்பு

நேர்காணலில் பத்து முதல் இருபது நிமிடம் வரை ஒரு பாடத்தை நடத்திக் காட்டச் சொல்வார்கள். தேர்வுக் குழுவில் ஜப்பானியம் அறியாதவர்களும் இருப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். என் முதல் மாதிரி வகுப்பில் "வா", "கா" என்னும் இரு இடைச்சொற்களின் வேறுபாட்டை ஒரு முழு விரிவுரையாக ஆற்றி முடித்தேன்; மாணவர்களாக அமர்ந்திருந்தவர்கள் ஒருவர்கூட வாய் திறக்க நான் இடம் தரவில்லை. வேலையும் கிடைக்கவில்லை, அது நியாயம்தான். இலக்கணத்தை நீங்கள் அறிவீர்கள் என்பதைச் சான்றிதழ் சொல்லிவிடும். பத்து நிமிடத்தின் முடிவில் எதிரில் இருப்பவர் ஒரு புதிய வாக்கியத்தைத் தாமாகச் சொல்கிறாரா என்பதையே குழு பார்க்கிறது.

ஆகவே ஒரே ஒரு வாக்கிய அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது பரிந்துரைப்பது "கொடுத்தல்" பற்றிய வினைகள். ஜப்பானியத்தில் பிறருக்குக் கொடுத்தால் "அகெரு", எனக்கோ என்னைச் சார்ந்தவருக்கோ கொடுத்தால் "குரெரு". மலாயில் இந்த வேறுபாடு வினையில் இல்லாததால் நம் நாட்டு மாணவர்கள் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். தமிழ் படித்தவருக்கோ இது பழகிய செய்தி: தன்மைக்கும் முன்னிலைக்கும் "தா", படர்க்கைக்குக் "கொடு" என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே பிரித்துவைத்திருக்கிறது. ஜப்பானியத்தில் முன்னிலை பெரும்பாலும் "அகெரு" பக்கம் சாயும் என்பது ஒன்றே வேறுபாடு. இன்றைய பேச்சில் "எனக்குக் கொடுத்தான்" என்று நாம் சொல்லிவிட்டாலும், "எனக்குத் தந்தான்" என்பதன் சுவை நமக்குத் தெரியும். பொருள் யாரை நோக்கி வருகிறது என்பதை ஒரு பேனாவைக் கைமாற்றிக் காட்டி, முதலில் நீங்கள் சொல்லி, பிறகு இருவரைச் சொல்லவைத்து, மூன்றாமவரைக் கேள்வி கேட்கவைத்தால் பத்து நிமிடம் முடிந்துவிடும்.

இதுபோன்ற ஒப்புமைகள் இன்னும் உண்டு. "தபேதே மிரு" என்பது சொல்லுக்குச் சொல் "சாப்பிட்டுப் பார்". "கைதே ஒகு" என்பது "எழுதி வை". பாடம் தயாரிக்கும்போது இவை உங்களுக்கு உள்ளுணர்வைத் தரும். ஆனால் வகுப்பில் மலாய்க்காரரும் சீனரும் அமர்ந்திருப்பார்கள். அவர்களிடம் தமிழை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அதேபோல், ஜப்பானிய மொழியின் தோற்றத்தைத் தமிழோடு இணைத்த ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோவின் கருதுகோளை நேர்காணலில் நீங்களாக எடுக்காதீர்கள். நம் மேடைகளில் கைத்தட்டல் பெறும் அக்கருத்தை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. யாராவது கேட்டால், அமைப்பில் ஒற்றுமை இருப்பது வேறு, ஒரே குடும்பம் என்பது வேறு என்று இரண்டு வரியில் சொல்லி நிறுத்துங்கள்.

ஜப்பானிலேயே கற்பிக்க நினைப்பவர்களுக்கு

அங்குள்ள பல்கலைக்கழகப் பணியிடங்கள் ஜப்பான் அறிவியல் தொழில்நுட்ப முகமை நடத்தும் ஜேரெக்-இன் தளத்தில் வெளியாகின்றன. முழுநேரப் பணியைச் "சென்னின்" என்றும், பகுதிநேரத்தை "ஹிஜோகின்" என்றும் குறிப்பார்கள். பகுதிநேர ஊதியம் "கோமா" எனப்படும் வகுப்புவேளைக் கணக்கில் வரும், ஒரு கோமா பெரும்பாலும் 90 நிமிடம். முதுகலையோடு வெளியான ஆய்வுக் கட்டுரைகளும் கேட்பார்கள். 2024 ஏப்ரலில் நடப்புக்கு வந்த பதிவுபெற்ற ஜப்பானிய மொழி ஆசிரியர் தகுதி, அரசு அங்கீகாரம் பெற்ற மொழிக் கல்வி நிறுவனங்களில் கற்பிப்பவருக்கு உரியது. மலேசியப் பல்கலைக்கழகப் பணிக்கு அது கட்டாயமில்லை. ஆகவே அதற்காக இப்போதே பணம் கட்டிப் பயிற்சி வகுப்பில் சேரவேண்டியதில்லை.

பணி கிடைத்த பின்

பகுதிநேரமாகவே தொடங்கினாலும், பருவம் முடிந்த வாரத்திலேயே மாணவர் மதிப்பீட்டு முடிவையும் பணி உறுதிக் கடிதத்தையும் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். அடுத்த பருவத்தின் கால அட்டவணை விடுமுறைக் காலத்தில் உருவாகும். அதற்கு முன்பே, எந்தெந்த நாள்களில் எத்தனை பிரிவுகளை எடுக்க முடியும் என்று ஒருங்கிணைப்பாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்துவையுங்கள்.