கைத்துப்பாக்கி வாங்கும் வரிசை: முதலில் கை, அப்புறம் தோட்டா, கடைசியில் ரெட் டாட்

உரிமம் கிடைத்ததும் பலர் முதலில் கேட்பது "எந்த ரெட் டாட் நல்லது?" என்பதுதான். துப்பாக்கியின் மேல் பொருத்தி ஒளிப்புள்ளியால் குறிபார்க்கும் கருவி அது. பார்க்க நன்றாக இருக்கிறது, எல்லோரும் போடுகிறார்கள், சரி. ஆனால் அங்கிருந்து செலவைத் தொடங்கினால் கையில் அடங்காத பிஸ்டலும் அதன் மேல் விலை உயர்ந்த ஒரு கண்ணாடியும்தான் மிஞ்சும், சுட்டுப் பழகத் தோட்டாவுக்குக் காசு இருக்காது. என்னைக் கேட்டால், முதலில் கைக்கு ஏற்ற துப்பாக்கி, அடுத்து அது சிக்காமல் சுடும் தோட்டா, இந்த இரண்டும் தேறிய பிறகுதான் ரெட் டாட் போன்ற ஆப்டிக். இதற்கெல்லாம் முன்னால் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். சில நாடுகளில் ராணுவ காலிபர் (குண்டின் விட்ட அளவு) என்பதாலேயே 9 எம்.எம். தனியாருக்குக் கிடையாது, சில இடங்களில் முனையில் குழி உள்ள ஹாலோ பாயிண்ட் குண்டுக்குக் கட்டுப்பாடு உண்டு, தோட்டா அடுக்கும் மேகசினில் எத்தனை தோட்டா இருக்கலாம் என்பதற்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

கைக்குப் பொருந்துகிறதா

எந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்கினாலும், குழாயைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டு, முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும், பிறகு ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) பின்னால் இழுத்துப் பூட்டி, சேம்பர் (தோட்டா உட்கார்ந்து வெடிக்கும் அறை) காலியா என்று கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் ஸ்லைடை இழுத்துவிட்டு அப்புறம் மேகசினைக் கழற்றினால், மேலே இருந்த தோட்டா அதற்குள் சேம்பரில் போய் உட்கார்ந்திருக்கும், நீங்களோ மேகசினைக் கையில் வைத்துக்கொண்டு துப்பாக்கி காலி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். விற்பவர் இப்போதுதான் பார்த்துக் கொடுத்தார் என்றாலும் நீங்களும் பாருங்கள், இதில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

காலி என்று உறுதியானதும் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள பள்ளம் பிடியின் பின்பக்கத்தில் மேலே எவ்வளவு ஏற முடியுமோ அவ்வளவு ஏற வேண்டும், குழாயும் உங்கள் முன்கையும் ஒரே கோட்டில் வர வேண்டும். அந்த நிலையில் ஆட்காட்டி விரலின் முதல் கணுவின் சதைப்பகுதி ட்ரிகரின் நடுவில் தானாக விழுகிறதா என்று பாருங்கள். எட்டுவதற்காகக் கையைச் சுற்றிப் பிடிக்க வேண்டியிருந்தால் அந்தப் பிடி உங்களுக்குப் பெரிது. பிடியின் பின்தகட்டை மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் சின்னதைப் போட்டுப் பாருங்கள், அதற்கும் சரிவரவில்லை என்றால் வேறு மாடலுக்குப் போங்கள். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், பிடி பழகாது, தப்பான பிடிதான் பழகும்.

ஸ்லைடை இழுக்கும் பலத்தையும் சோதியுங்கள். காலிபர் சின்னது என்றால் ஸ்லைடு லேசாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் பழைய பாணி .380 பிஸ்டல்கள் பலவற்றில் குழாயும் ஸ்லைடும் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் பலமும்தான் அழுத்தத்தைத் தாங்கும். அதனால் அவற்றின் ஸ்பிரிங் பல 9 எம்.எம். பிஸ்டல்களை விட முரட்டுத்தனமாக இருக்கும். மணிக்கட்டில் பலம் குறைந்தவர்களுக்கு இது முக்கியம்.

அளவைப் பொறுத்தவரை, முதல் துப்பாக்கிக்கு நடுத்தர அளவே போதும். 1988ல் வந்த க்ளாக் 19 இந்த அளவுக்கு நல்ல உதாரணம், சுமார் 10 சென்டிமீட்டர் குழாய், 15 தோட்டா மேகசின். 2018ல் சிக் சாவர் நிறுவனத்தின் பி365 வந்த பிறகு சட்டைக்குள் மறையும் குட்டி பிஸ்டல்களுக்கு மவுசு கூடிவிட்டது. எடை குறைந்த துப்பாக்கியில் அதே தோட்டா கையை அதிகமாக உதைக்கும், குறிபார்க்க மேலே உள்ள முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே தூரம் குறைவதால் சின்னத் தவறும் இலக்கில் பெரிதாகத் தெரியும். சுமப்பதற்குச் சுகம், கற்பதற்குக் கஷ்டம்.

ரிவால்வர் எளிமையானது என்பார்கள், சுமப்பதிலும் சோதிப்பதிலும் உண்மைதான். ஆனால் ஹேமரை (தோட்டாவை வெடிக்கத் தட்டும் சுத்தியல்) ஏற்றாமல் முழு இழுப்பில் சுடும்போது அதன் ட்ரிகர் பெரும்பாலும் 4.5 முதல் 5.5 கிலோ வரை கேட்கும், இன்றைய பிஸ்டல்களில் இது 2.5 கிலோ வாக்கில்தான். அந்த இழுப்பில் குறி அசையாமல் இருக்கத் தனிப் பயிற்சி வேண்டும். ரிவால்வர்தான் என்று முடிவு செய்துவிட்டால் .357 மேக்னம் வாங்குங்கள், அதில் .38 ஸ்பெஷலையும் போட்டுப் பழகலாம். .38 ரிவால்வரில் .357 போடக் கூடாது, அதைத் தடுப்பதற்காகவே அந்தத் தோட்டாவின் கூட்டை (குண்டையும் மருந்தையும் பிடித்திருக்கும் உலோகக் குப்பி) கொஞ்சம் நீளமாகச் செய்திருக்கிறார்கள்.

தோட்டா

பெட்டியின் மேல் "9 எம்.எம்." என்று பார்த்ததும் வாங்கிவிடாதீர்கள். அந்தப் பெயரில் குறைந்தது மூன்று தோட்டாக்கள் உண்டு. லூகர் அல்லது பாரபெல்லம் எனப்படும் 9×19தான் உலகெங்கும் அதிகம் புழங்குவது. .380 ஏ.சி.பி.க்கு 9 எம்.எம். குர்ட்ஸ், ஷார்ட் என்றும் பெயர், அதன் கூடு 17 மில்லிமீட்டர். மகரோவ் 9×18, இதன் குண்டு மற்ற இரண்டையும் விடக் கொஞ்சம் பருமன். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது. துப்பாக்கியின் குழாயிலோ ஸ்லைடிலோ பொறித்திருப்பதையும் பெட்டியில் அச்சிட்டிருப்பதையும் தோட்டாவின் அடிப்பகுதியில் உள்ள முத்திரையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் மேகசினில் ஏற்ற வேண்டும்.

அடுத்து எடை. குண்டின் எடையைக் கிரெயினில் சொல்வார்கள், ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம். 9×19ல் 115, 124, 147 ஆகிய மூன்றும் சாதாரணமாகக் கிடைக்கும். 115 கிரெயின் குண்டு வினாடிக்கு 350 மீட்டர் வாக்கில் போகும், 147 கிரெயின் 300 மீட்டர் வாக்கில், அதாவது ஒலியின் வேகத்துக்குக் கீழே. பழகுவதற்கு 115 அல்லது 124 எது மலிவோ அதை வாங்கலாம். எடை மாறினால் குண்டு விழும் இடமும் கொஞ்சம் மாறும் என்பதை மட்டும் மறக்காதீர்கள், ரெட் டாட் போட்ட பிறகு இது உங்களைக் குழப்பும்.

வடிவத்தில் இரண்டு வகைதான் உங்களுக்கு வேண்டும். செம்பு உறை முழுதாக மூடிய உருண்டை முனைக் குண்டு பயிற்சிக்கு, முனையில் குழி உள்ள ஹாலோ பாயிண்ட் தற்காப்புக்கு. ஹாலோ பாயிண்ட் உள்ளே போனதும் விரிவதால் வேகம் குறைந்து நின்றுவிடும், எதிரே இருப்பதைத் துளைத்துக்கொண்டு பின்னால் இருப்பவரிடம் போகும் ஆபத்து குறைவு. 1986ல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் தன் ஆட்கள் இருவரை இழந்த பிறகு அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தோட்டாக்களைச் சோதிக்க ஒரு முறையை வகுத்தது, உடல் சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் வரை குண்டு இறங்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். இன்றும் பெரிய நிறுவனங்கள் தற்காப்புத் தோட்டாவை இந்த அளவை மனதில் வைத்துத்தான் தயாரிக்கின்றன, ஆகவே பெயருள்ள ஒன்றை வாங்கினால் போதும், இணையத்தில் ஜெலட்டின் வீடியோக்களாகப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டாம்.

பெட்டியில் "பிளஸ் பி" என்று இருந்தால் அது வழக்கத்தை விட அதிக அழுத்தம். அமெரிக்கத் தர அமைப்பான சாமியின் கணக்கில் 9 எம்.எம். லூகருக்குச் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு உச்சம், பிளஸ் பி என்றால் 38,500. துப்பாக்கியின் கையேடு அனுமதித்தால் மட்டும் போடுங்கள். பழைய .38 ரிவால்வர்களில் போடவே வேண்டாம். "பிளஸ் பி பிளஸ்" என்பதற்குச் சாமி வரம்பே கிடையாது, அதை விட்டுவிடலாம்.

எந்தத் தோட்டா உங்கள் துப்பாக்கிக்கு ஒத்துப்போகும் என்பது சுட்டால்தான் தெரியும். எடுத்ததும் மொத்தமாக ஆயிரம் வாங்காமல் இரண்டு மூன்று கம்பெனிகளில் பெட்டி பெட்டியாக வாங்கிச் சோதியுங்கள். மேகசின்களின் அடியில் 1, 2, 3 என்று பெயிண்ட்டில் எழுதிவையுங்கள். சிக்கும்போதெல்லாம் 2ஆம் மேகசின்தான் உள்ளே இருக்கிறது என்றால் குற்றம் துப்பாக்கியிலும் இல்லை, தோட்டாவிலும் இல்லை. தற்காப்புக்கு என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதில் குறைந்தது 200 தோட்டாவாவது சிக்காமல் போக வேண்டும் என்பது பலரும் வைத்திருக்கும் கணக்கு. செலவுதான், ஆனால் இந்த இடத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வழக்கமான வெடிச்சத்தத்துக்குப் பதில் "பொக்" என்று சோகையான சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழாயிலேயே நின்றிருக்கலாம், அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழாய் பிளக்கும். இறக்கிக் காலி செய்து, பிரித்து, குழாய்க்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ட்ரிகரை இழுத்தும் வெடிக்கவே இல்லை என்றால் உடனே ஸ்லைடை இழுக்காமல், குறியை நோக்கியபடியே குறைந்தது 30 வினாடி காத்திருங்கள், தாமதமாக வெடிக்கும் தோட்டாக்கள் அபூர்வம் என்றாலும் உண்டு. முகம் தெரியாதவர்கள் வீட்டில் நிரப்பிய தோட்டாவை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இன்னொன்று, தினமும் துப்பாக்கியைக் காலி செய்து மறுநாள் அதே தோட்டாவைச் சேம்பரில் ஏற்றுபவர்கள் அதைப் பெட்டியில் உள்ள புதுத் தோட்டாவின் பக்கத்தில் நிற்க வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறை ஏறும்போதும் முனை மோதி, குண்டு கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் தாறுமாறாக ஏறும். உயரத்தில் வித்தியாசம் தெரிந்தால் அதைச் சுடாமல் அப்புறப்படுத்துங்கள்.

ரெட் டாட்

இரும்பு சைட்டில் ஓரளவு சுட வந்த பிறகு இதற்கு வாருங்கள். முதல் ரெட் டாட்டை ஸ்வீடனின் ஏம்பாயிண்ட் 1975லேயே கொண்டுவந்துவிட்டது, பிஸ்டல் ஸ்லைடின் உதையைத் தாங்கும் அளவுக்குச் சிறியதும் உறுதியானதும் வரத்தான் பல காலம் ஆனது. ரைஃபிளில் ஆப்டிக் அசையாத உடம்பின் மேல் இருக்கும், பிஸ்டலில் ஸ்லைடோடு சேர்ந்து ஒவ்வொரு சுடலுக்கும் பின்னால் போய் மோதி முன்னால் வந்து மோதும். மலிவான டாட்டுகள் செத்துப்போவது இதனால்தான். பிஸ்டல் ஸ்லைடுக்கு என்றே சொல்லி விற்காத ஒன்றை ஸ்லைடில் போடாதீர்கள்.

புள்ளியின் அளவை எம்.ஓ.ஏ. (மினிட் ஆஃப் ஆங்கிள்) என்ற கோண அளவில் சொல்வார்கள். 1 எம்.ஓ.ஏ. என்பது 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர், 25 மீட்டரில் 0.7. ஆக 3 எம்.ஓ.ஏ. புள்ளி 25 மீட்டரில் இலக்கின் 2 சென்டிமீட்டரைத்தான் மறைக்கும், 6 எம்.ஓ.ஏ. 4 சென்டிமீட்டருக்கு மேல் மறைக்கும், ஆனால் கண்ணுக்குச் சட்டென்று கிடைக்கும். கிட்டத்துக்குப் பெரிது, துல்லியத்துக்குச் சிறிது, இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

புள்ளி வட்டமாக இல்லாமல் வால் முளைத்த மாதிரியோ சிதறிய மாதிரியோ தெரிந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். செல்போன் கேமராவை அதன் பின்னால் வைத்துப் பாருங்கள். கேமராவில் வட்டமாகத் தெரிந்தால் கோளாறு உங்கள் கண்ணில், அதாவது அஸ்டிக்மாடிசம். வெளிச்சத்தைக் குறைத்தால் ஓரளவு சரியாகும், சிலருக்குப் பச்சை நிறம் ஒத்துவரும், கண்ணாடி போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

திறந்த வகையில் விளக்கு வெளியே இருக்கும், ஒரு மழைத்துளியோ சட்டை நூலோ அதை மறைத்துவிட்டால் புள்ளி காணாமல் போகும். மூடிய வகையில் அந்தத் தொல்லை இல்லை, கொஞ்சம் பெரிது, விலையும் கூட. தினமும் இடுப்பில் சுமப்பவர்கள் மூடியதை வாங்கலாம், ரேஞ்சுக்கு மட்டும் என்றால் திறந்ததே போதும். ஆப்டிக்கைக் கழற்றாமல் மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ பேட்டரியை மாற்ற முடிகிறதா என்று கேளுங்கள். அடியில் பேட்டரி இருந்தால் ஒவ்வொரு முறையும் ஆப்டிக்கைக் கழற்றி மாட்ட வேண்டும், குறியை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

வாங்கும் முன் பொருத்தும் அடித்தளம் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஆர்.எம்.ஆர்., ஆர்.எம்.எஸ்.சி., டெல்டாபாயிண்ட் ப்ரோ, ஆக்ரோ என்று ஒவ்வொரு ரெட் டாட் மாடலுக்கும் ஒரு பொருத்தும் அமைப்பு வைத்திருக்கிறார்கள், உங்கள் ஸ்லைடுக்கு எது அல்லது எந்தத் தகடு வேண்டும் என்பது தெரியாமல் பணம் கட்டாதீர்கள். திருகின் நீளமும் முக்கியம். அதிக நீளம் என்றால் உள்ளே, சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் பாகத்தில் போய் இடிக்கும், குட்டை என்றால் நாலு மரைதான் பிடிக்கும், சீக்கிரம் கழன்றுவிடும். மரையில் எண்ணெய் இல்லாமல் துடைத்து, கழற்றக்கூடிய நீல நிற மரைப்பசையை ஒரு துளி வைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ஸ்க்ரூட்ரைவரால் இறுக்குங்கள். திருகின் தலையிலிருந்து ஆப்டிக்கின் உடம்பு வரை பெயிண்ட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டால், பின்னால் திருகு அசைந்ததா என்பது ஒரு பார்வையில் தெரியும்.

குண்டு விழும் இடத்தில் புள்ளி நிற்கும்படி குறி வைக்கும்போது, காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு போட்டுக்கொண்டு, கைகளை மணல் மூட்டையின் மேல் தாங்கி, முதலில் 10 மீட்டரில் ஐந்து சுடுங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து உடனே திருகாமல், ஐந்தும் விழுந்த கூட்டத்தின் நடுவைப் பார்த்து ஆப்டிக்கின் குறி சரிசெய்யும் திருகைத் திருகுங்கள். பிறகு 25 மீட்டருக்குப் போங்கள், அந்தத் திருகின் ஒரு கிளிக் 1 எம்.ஓ.ஏ. என்றால் அங்கே 0.7 சென்டிமீட்டர் நகரும். தற்காப்புக்கு வைத்திருக்கும் தோட்டாவில்தான் கடைசிக் குறி வைக்க வேண்டும், பயிற்சித் தோட்டாவில் அது எவ்வளவு தள்ளி விழுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். முதல் நூறு சுட்டதும் அந்தப் பெயிண்ட் கோட்டைப் பாருங்கள், கோடு உடைந்திருந்தால் திருகை எடுத்து, துடைத்து, பசை வைத்து மறுபடி இறுக்கி, குறியையும் மறுபடி வைக்க வேண்டும்.