ஆர்டபிள்யூ டிஸ்க்கைக் கணினி கண்டுகொள்ளவில்லையா? இவற்றைச் செய்யாதீர்கள்

ஆர்டபிள்யூ எனப்படும், அழித்து அழித்து எழுதக்கூடிய சிடி, டிவிடிகளில் பழைய படங்களைப் போட்டு வைத்தவர்கள் இப்போது அவற்றைத் தேடி எடுத்து டிரைவில் போட்டுப் பார்க்கிறார்கள், கணினி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உதவி கேட்டு வருபவர்களில் பலர் ஏற்கெனவே எதையாவது செய்து நிலைமையை மோசமாக்கிவிட்டுத்தான் வருகிறார்கள். புதிதில் நானும் செய்தவைதான் பெரும்பாலும். கீறல் விழக்கூடாது, தலைகீழாகப் போடக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

பாட்டு சிடி ஓடுகிறது, அதனால் டிரைவ் நன்றாக இருக்கிறது என்று நம்புவது

கடையில் வாங்கும் அச்சடித்த சிடி, மேலே விழும் லேசர் ஒளியில் குறைந்தது 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். சிடி ஆர்டபிள்யூ அனுப்புவது 15 முதல் 25 சதவீதம்தான். லென்ஸில் கொஞ்சம் தூசி படிந்திருந்தாலோ லேசர் களைத்துப் போயிருந்தாலோ முதலில் மக்கர் செய்வது ஆர்டபிள்யூதான். டிவிடி ஓடுவதை வைத்தும் முடிவுக்கு வர முடியாது. சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர், இரண்டும் வேறு வேறு லேசர்; ஒன்று போய் மற்றது வேலை செய்யலாம். வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள், அதை எழுதிய அதே டிரைவ் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் சரி என்பது

இதைப் பார்க்கும்போதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. தனக்குப் புரிகிற கோப்பு முறை (கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) டிஸ்க்கில் தென்படாவிட்டால் விண்டோஸ் அப்படிக் கேட்கும், டிஸ்க் காலி என்று அதற்கு அர்த்தமே இல்லை. எழுதியவர் செஷனை, அதாவது ஒரு தடவை எழுதிய பகுதியை, முடித்து மூடாமல் விட்டிருக்கலாம். யூடிஎஃப் என்ற கோப்பு முறையின் 2.50 பதிப்பில் எழுதியிருக்கலாம், பழைய விண்டோஸ் எக்ஸ்பி 2.01 வரைதான் படிக்கும். டைரக்ட்சிடி, இன்சிடி போன்ற மென்பொருளால் பாக்கெட் பாக்கெட்டாக, அதாவது சிறு சிறு துண்டுகளாக, எழுதிய டிஸ்க்காகவும் இருக்கலாம்.

தெரிந்தவர் ஒருவர் குழந்தையின் முதல் வருடப் படங்கள் இருந்த சிடியைக் கொண்டுவந்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் உள் வளையத்திலிருந்து பாதி தூரம் வரை வேறு சாயலில் தெரிந்தது, எழுதிய பகுதி அப்படியே இருந்தது. ஆனால் அவர் அந்தக் கேள்விக்குச் சரி என்று சொல்லி, விரைவு அழிப்பையும் முடித்திருந்தார். விரைவு அழிப்பு, உள் விளிம்பில் இருக்கும் பொருளடக்கப் பகுதியைத்தான் துடைக்கும். தகவல் அங்கேயே கிடக்கும், ஆனால் பொருளடக்கம் இல்லாத இடத்தைப் படிக்கப் பெரும்பாலான டிரைவ்கள் மறுத்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற படங்களை எடுக்க வழியில்லாமல் போனது அப்படித்தான். முழு அழிப்பு என்றால் அந்தச் சாயல்கூட மிஞ்சியிருக்காது. லேசர், டிஸ்க்கில் தகவல் பதியும் உலோகக் கலவையைச் சூடாக்கி மறுபடி படிக நிலைக்குக் கொண்டுபோய்விடும், எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

எனவே கேள்வி வந்ததும் ரத்து செய்யுங்கள், டிஸ்க்கை வெளியே எடுங்கள். அப்புறம் ஐசோபஸ்டர் என்ற மீட்பு மென்பொருளில் திறந்து பாருங்கள், விண்டோஸ் காட்டாத செஷன்களையும் டிராக்குகளையும் அது காட்டும். லினக்ஸ் இருந்தால் டிடிரெஸ்க்யூ என்ற பிரதி எடுக்கும் மென்பொருளில் பிளாக் (ஒரு தடவை படிக்கும் துண்டு) அளவை 2048 பைட் என்று கொடுத்து முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாகப் பிரதி எடுங்கள். செய்கிற சோதனை எல்லாம் அந்தப் பிரதியில் செய்யுங்கள்.

டிரைவே காணாமல் போனதற்கு டிஸ்க்கைத் திட்டுவது

எக்ஸ்ப்ளோரரில் டிரைவின் படமே இல்லையென்றால் டிஸ்க்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டிஸ்க்கில் எழுதும் பழைய மென்பொருள், விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் விட்டுப்போன அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் பதிவுகளைப் பாருங்கள், அவை டிரைவை மறைத்திருக்கலாம்.

4எக்ஸ் காலத்து டிரைவில் அல்ட்ரா ஸ்பீடு சிடி ஆர்டபிள்யூ

அந்த அதிவேக டிஸ்க்கில் பழைய டிரைவ் எழுதாது.

ஒட்டிய லேபிளைப் பிய்ப்பது

சிடியில் தகவல் அடுக்கு லேபிள் பக்கத்துக்கு நேர் கீழே இருக்கிறது. அதுவும் சேர்ந்து உரிந்து வரும்.

விரைவு அழிப்போடு விட்டுவிடுவது

இது வேண்டியது எதுவும் இல்லாத டிஸ்க்குக்கு மட்டும். எழுத முடியவில்லை என்று அடம்பிடிக்கும் டிஸ்க் பல நேரம் ஒரு முழு அழிப்புக்குப் பிறகு வழிக்கு வரும். நேரம் பிடிக்கும், நடுவில் நிறுத்தாதீர்கள். இந்த டிஸ்க்குகளுக்குச் சொல்லப்படும் ஆயுள் சுமார் 1000 முறை எழுதுவது. முழு அழிப்புக்குப் பிறகும் எழுதும்போது பாதியில் நின்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.